மிலிட்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (பரங்கிமலை, 1991–94)

கறுப்புப்பெட்டி எழுதியது:

போகிக்கு முந்தின நாள் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் கறுப்பு ட்ரங்குப் பெட்டி கீழே இறங்கியது. மிலிட்டரி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எந்தப் பெட்டி என்று சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கனத்த தகரம், இரண்டு பக்கமும் வளையக் கைப்பிடி, மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட். ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் பழைய எழுத்தின் மேல் ஒரு கை கறுப்பு அடித்து, காய்ந்ததும் புதிதாக எழுதுவார்கள். "பழைய இரும்புக்குப் போட்டுடலாம், நல்லா எடை நிக்கும்" என்றான் தம்பி. நான் ஈரத்துணியால் துடைத்தபோது மூலையில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துவந்தது. ஹவில்தாருக்கு அடியில் அப்பாவின் பழைய ரேங்க், நாயக், தெரிந்தது. நாயக்குக்கும் அடியில் ஏதோ ஒரு ஊர், முதல் எழுத்து மட்டும்தான் பிடிபட்டது. பெட்டியைத் திரும்பப் பரணிலேயே ஏற்றிவிட்டோம். தம்பிதான் தூக்கினான், முணுமுணுத்துக்கொண்டே.

சரி, கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அப்பா சிக்னல்ஸ், அதாவது ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு. நான் பிறந்தது வேலூர் பக்கம் கிராமத்தில், நடக்கப் பழகியது ஜபல்பூரில். 1991 கோடையில் அப்பாவுக்கு மெட்ராஸ் போஸ்டிங் வந்தது. இடார்சியில் வண்டி மாறி ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி, ஹோல்டால், ஏழு பெட்டி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றோடும் சென்ட்ரலில் இறங்கினோம். ஒரு ஒன்-டன் மிலிட்டரி வண்டி வந்து எங்களையும் சாமான்களையும் அள்ளிக்கொண்டு நேராகப் பரங்கிமலைக்குப் போனது. எனக்கு ஏழு வயது. "நம்ம ஊருக்குப் போறோம், நம்ம ஊருக்குப் போறோம்" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே போனால் அங்கேயும் இந்திதான். பக்கத்து வீட்டில் கட்வாலி, எதிர் வீட்டில் பஞ்சாபி, மேலே ஒரிசாக்காரர்கள். தமிழ் பேச வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடைக்குப் போக வேண்டும். எனக்குத் தமிழ் படிக்கவும் தெரியாது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிப்போய் கடை போர்டுகளைக் காட்டி எழுத்துக்கூட்ட வைத்தாள் அம்மா. நான் முதலில் முழுசாகப் படித்த தமிழ் வார்த்தை 'கருவாடு'.

வீடு இரண்டே அறை. கட்டில், மேஜை, நாற்காலி எல்லாம் எம்.ஈ.எஸ் (ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கிற துறை) கொடுத்தது, எல்லாவற்றின் காலிலும் நம்பர் இருக்கும். நான் ஒருமுறை நாற்காலியில் காம்பஸ் முனையால் என் பெயரைக் கீறிவிட்டு அடி வாங்கினேன். அப்பா அதிகம் அடிக்கிறவரில்லை. ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற நாளில் ஒருவர் லிஸ்ட்டோடு வந்து குழாய், கண்ணாடி, பல்பு ஹோல்டர் வரைக்கும் எண்ணிப் பார்ப்பார், குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்த 'மார்ச்சிங் அவுட்' பயம் மூன்று வருஷமும் வீட்டில் இருந்தது. சுவரில் ஒரு ஆணி அடிக்க அப்பா விடவில்லை. சாமி படங்கள் எல்லாம் ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டுதான் இருந்தன.

இன்னும் மனதில் இருப்பவை சில. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் வரும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம், அது போனதும் விட்ட வார்த்தையிலிருந்து பேசுவோம். இன்றைக்கும் ஏதாவது பெரிய சத்தம் வந்தால் நான் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன், என் கணவருக்கு அது புரிந்ததே இல்லை. சனிக்கிழமை திறந்தவெளியில் இந்திப் படம். இடம் கிடைக்காத பிள்ளைகள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்போம், அங்கே எல்லாரும் இடது கையால் சல்யூட் அடிப்பார்கள். அப்புறம் ஓ.டி.ஏ, ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமி. 1992-ல்தான் அங்கே முதல்முறையாகப் பெண்களைப் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். காலையில் ஸ்கூல் வண்டிக்குக் காத்திருக்கும்போது, வெள்ளை டி-ஷர்ட்டில் முடியை ஒட்ட வெட்டிய அக்காக்கள் வரிசையாக ஓடிப்போவதைப் பார்த்து எங்கள் அம்மாக்கள் எல்லாம் வாசலுக்கே வந்து நின்றார்கள். "பொம்பளப் பிள்ளைங்களா அது?" என்று அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறது.

1994-ல் அப்பாவுக்கு ஃபீல்டு, அதாவது குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாத போஸ்டிங். நாங்கள் ஊருக்குப் போய்விட்டோம். பென்ஷன் வந்தபின் அப்பாவுக்கு சென்னையில் செக்யூரிட்டி வேலை கிடைத்து, இப்போது கோவிலம்பாக்கத்தில் இருக்கிறோம். அந்த குவார்ட்டர்ஸ் இங்கிருந்து வண்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது, முப்பது வருஷமாக உள்ளே போனதில்லை. போன மாதம் என் மகள் "நீ சின்ன வயசுல இருந்த வீட்டைக் காட்டு" என்றாள். கேட் வரை போனோம். காவலுக்கு நின்ற பையன் மரியாதையாகத்தான் பேசினான், கார்டு கேட்டான். என்னிடம் என்ன கார்டு இருக்கிறது? "நான் இங்கேதான் இருந்தேன்" என்று இந்தியில் சொன்னேன். "எல்லாரும் இருந்தவங்கதான் மேடம்" என்று சிரித்தான். தப்பு அவன் மேல் இல்லை.

இரண்டு கேள்வி. இப்படி வளர்ந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? உள்ளே போய் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வர வழி இருக்கிறதா?

———

தீவுத்திடல்வாசி எழுதியது:

அக்கா, நான் இருக்கிறேன். நீங்கள் மலைப் பக்கம், நான் கூவம் பக்கம். தீவுத்திடல் குவார்ட்டர்ஸில் 1986-லிருந்து நான்கு வருஷம். உங்களுக்கு விமானம், எங்களுக்குப் பொருட்காட்சி. ஜனவரி பிறந்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஸ்பீக்கர் அலறும், "காணாமல் போன குழந்தை சிவப்புச் சட்டை போட்டிருக்கிறது" என்று அறிவிப்பு வரும். நாங்கள் பாடம் படித்துக்கொண்டே அன்றைக்கு எத்தனை குழந்தை தொலைந்தது என்று கணக்கு வைப்போம். ஒருநாள் அறிவிப்பில் வந்தது என் தங்கச்சி. தொலைந்துபோகவே இல்லை, டெல்லி அப்பளம் கடை முன்னால் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், யாரோ பாவப்பட்டு அழைத்துப்போய் ஒப்படைத்துவிட்டார்கள். வீடு தெரியுமா என்று கேட்டதற்கு "அதோ" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாளாம். யாரும் நம்பவில்லை.

பழைய கவர்னர் மன்றோவின் சிலை எங்களுக்குச் சொந்தச் சொத்து மாதிரி. 1839-ல் வைத்த சிலை, குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கிற வளையமும் இல்லை. என் அப்பா ஒவ்வொரு தடவை அந்த வழியாகப் போகும்போதும் "சாமான் லிஸ்ட்டுல ரெண்டு ஐட்டம் குறையுது, எவன் சம்பளத்துல பிடிச்சானோ" என்பார். உங்கள் மார்ச்சிங் அவுட் கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. அவர் ஸ்டோர்மேன். உலகத்தையே லிஸ்ட்டாகத்தான் பார்ப்பார்.

கூவம் வாடை பற்றி எல்லாரும் கேட்பார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு இரண்டு நாளில் மூக்கு பழகிவிடும். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால்தான் திரும்ப இரண்டு நாள் கஷ்டம். எனக்கு அந்த வாடை வந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். இதை என் மனைவியிடம் சொல்லி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நானும் வெளியே பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்பதோடு சரி.

———

த்ரீடன் எழுதியது:

எல்லாரும் நல்ல நல்ல ஞாபகமாகவே எழுதுகிறீர்கள். எனக்கும் அதெல்லாம் உண்டு. ஆனால் ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறோம். குவார்ட்டர்ஸ் என்று ஒன்று கிடையாது, மூன்று உண்டு. ஆபீசர் பங்களா, ஜே.சி.ஓ (சுபேதார் மாதிரி நடு ரேங்க்) குவார்ட்டர்ஸ், ஓ.ஆர் (சிப்பாயிலிருந்து ஹவில்தார் வரை) குவார்ட்டர்ஸ். எந்த ரோட்டில் எந்த வயசுப் பிள்ளை சைக்கிள் ஓட்டலாம் என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். என் அப்பா சிப்பாய், கடைசியில் லான்ஸ் நாயக்.

நான் பல்லாவரம் பக்கம் இருந்தேன், 1996–98. ஸ்கூலில் பேதமில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் யார் பிள்ளை யார் என்று பார்க்காமல் எல்லாரையும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். தார்ப்பாய் போட்ட த்ரீ-டன் வண்டியில் பின்பக்கம் ஏணி வைத்து ஏறி, எல்லாரும் ஒன்றாகத்தான் குலுங்கிக்கொண்டு போவோம். என் பெஞ்சில் ஒரு மேஜருடைய பையன். கணக்கு எனக்கு வரும், இங்கிலீஷ் அவனுக்கு வரும், அதனால் பரீட்சைக்கு முன்னால் ஒருத்தரை ஒருத்தர் விடமாட்டோம்.

அவன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டான். அம்மா ஒரு பேனா செட் வாங்கி, தினத்தந்தித் தாளில் சுற்றி, அப்புறம் அது நன்றாக இல்லை என்று பிரித்து, காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சுற்றிக் கொடுத்தாள். அப்பா சைக்கிளில் கொண்டுபோய்விட்டார். பங்களா கேட்டுக்கு இருபது அடி முன்னாலேயே இறக்கிவிட்டு "போ" என்றார். "உள்ளே வாங்கப்பா" என்றேன். "நீ போ, நான் இருக்கேன்." உள்ளே கேக் வெட்டி, மியூசிக்கல் சேர் ஆடி, இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தால் அதே புளியமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார். உட்காரக்கூட இல்லை. எதிரில் யாராவது அதிகாரி வந்தால் சட்டென்று எழுந்து சல்யூட் அடிக்க வேண்டும், அதற்கு நின்றுகொண்டே இருப்பது மேல் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து பாதி சமோசா எடுத்துக் கொடுத்தேன், சாப்பிட்டார்.

அந்த மேஜர் நல்ல மனிதர், என் பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேள்விப்பட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். அப்பா அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஞாபகத்தில் நிற்பது புளியமரம்தான்.

———

வேலூர் அம்மா எழுதியது:

என் பேரன் இதைப் படித்துக் காட்டினான். பேசினால் எழுதுகிற வசதி இருக்கிறதாம், நான் சொல்லச் சொல்ல விழுகிறது. தப்பு இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

நீங்கள் எல்லாரும் பிள்ளைகளாக இருந்து பார்த்ததை எழுதுகிறீர்கள் கண்ணுங்களா. உங்களுக்கு விளையாட்டு. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதத்தில் அம்பாலாவில் கொண்டுபோய்விட்டார் அவர். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்கள் உண்டு, பட்டாளத்து மாப்பிள்ளை என்பது புதிதில்லை. ஆனால் ஊரில் இருக்கிற பொம்பளைகள் பெரும்பாலும் மணியார்டரைத்தான் பார்த்திருப்பார்கள், குவார்ட்டர்ஸைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இந்தியில் 'பானி' தவிர ஒரு வார்த்தை தெரியாது.

பக்கத்து வீட்டில் ஒரு கட்வாலிப் பொண்ணு. அவளும் என் வயசு. ஒருநாள் அவள் கறுப்பாக ஒரு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியது. மாவைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். கேழ்வரகு! அவள் மண்டுவா என்றாள். ஓடிப்போய் எங்கள் வீட்டிலிருந்து ஊர் கேழ்வரகு மாவு ஒரு பிடி கொண்டுவந்து அவள் மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு சிரிசிரி என்று சிரித்தோம். அன்றைக்கு அவள் வீட்டு அடுப்பிலேயே களி கிண்டினேன். அவள் நெய்யும் வெல்லமும் போட்டுச் சாப்பிட்டாள், நான் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். கருவாடு அவளுக்குப் பிடிக்கவில்லை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் இரண்டு வருஷம் நானும் அவளும் ஒரே வீடு மாதிரி. அவள் பிரசவத்துக்கு எம்.எச்-சில், மிலிட்டரி ஆஸ்பத்திரியில், கூட இருந்தது நான்தான். போஸ்டிங் வந்தது, பிரிந்துவிட்டோம். விலாசம் வாங்கி வைத்தேன், அவளுக்கு எழுதத் தெரியாது, எனக்கு இந்தி எழுதத் தெரியாது, அந்தக் காகிதம் எத்தனை வருஷம் பெட்டியில் கிடந்தது தெரியுமா.

1999-ல் நாங்கள் மெட்ராஸில், அவர் மேலே. கணவன் ஃபீல்டில் இருக்கிற குடும்பங்களுக்கென்று தனி குவார்ட்டர்ஸ் உண்டு, எஸ்.எஃப் என்பார்கள். அதாவது பிளாக் முழுக்கப் பொம்பளைகளும் பிள்ளைகளும்தான். கடிதம் வந்தால் விலாசத்தில் 'மார்பத் 56 ஏ.பி.ஓ' என்று ராணுவத் தபால் ஆபீஸ் நம்பர் மட்டும் இருக்கும், ஊர் பெயர் இருக்காது. என் சின்னவன் ஸ்கூல் அட்லஸில் 56 ஏ.பி.ஓ என்கிற ஊரைத் தேடிக்கொண்டிருந்தான். மே மாதத்திலிருந்து டிவியில் கார்கில், கார்கில் என்று. அவர் இருந்தது அங்கேதானா, வேறே எங்கேயாவதா, ஒன்றும் தெரியாது.

ஜூன் மாதம் ஒருநாள் சாயங்காலம் ஒரு ஜிப்சி வண்டி வந்து எங்கள் பிளாக் முன்னால் நின்றது. உள்ளே ஒரு ஆபீசர், கூட ஒரு மேடம். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நிற்கிறாள். எந்தப் படிக்கட்டில் ஏறப்போகிறார்கள் என்று எல்லாருடைய கண்ணும் அங்கேதான். அந்த ஆபீசர் இறங்கி, மேலே பார்த்து, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆனது சரியாகிவிட்டதா என்று கேட்டார். அவ்வளவுதான். வெல்ஃபேர் மீட்டிங் நாளையும் சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி போனபின்னும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாடை நாலு வீட்டிலிருந்து வந்தது. பிள்ளைகள் கீழே பிட்டு விளையாடிக்கொண்டுதான் இருந்தன.

அவர் நல்லபடியாக வந்தார். போன வருஷம்தான் போனார், சர்க்கரை.

———

தீவுத்திடல்வாசி எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன மோட்டார் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். என் அம்மாவிடம் நான் இப்படியெல்லாம் கேட்டதே இல்லை. நாளைக்குப் போன் போடுகிறேன்.

பிட்டு என்றால் ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் அடிப்பதுதானே? நாங்கள் அதைப் பிட்டூ என்போம், வெளியே தெருப் பிள்ளைகள் ஏழாங்கல் என்பார்கள். ஒரே விளையாட்டுக்கு கேட்டுக்கு உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர்.

———

பென்ஷன்தாரர் எழுதியது:

வணக்கம் மகளே. நான் 24 வருஷம் சர்வீஸ், சுபேதாராக வெளியே வந்தேன். உள்ளே போக வழி கேட்டிருந்தாய், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

உன்னிடம் கார்டு இல்லை, உன் அப்பாவிடம் இருக்குமே? எக்ஸ்-சர்வீஸ்மேன் கார்டும் கேன்டீன் (பட்டாளத்துக்காரர்களுக்கு மலிவு விலையில் சாமான் விற்கிற கடை) கார்டும் எடுத்துக்கொள்ளச் சொல். அவரோடு கேன்டீன் போகிற நாளில் நீயும் பேத்தியும் கூடப் போங்கள், உங்கள் ஆதாரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பக்கம் போக வேண்டுமென்றால் உள்ளே இருக்கிறவர் யாராவது தெரிந்திருந்தால் சுலபம், கேட்டில் அவர் பெயரும் வீட்டு நம்பரும் சொல்லிப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகலாம். அப்படி யாரும் இல்லையென்றால் காவலுக்குப் பொறுப்பாக இருக்கிற நாயக், ஹவில்தார் மாதிரி என்.சி.ஓ-விடம் உன் அப்பாவே போய் யூனிட் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். வயசான பட்டாளத்துக்காரர் வந்து கேட்டால் மனசு இறங்காதவன் குறைவு. ஆனால் முடியாது என்றால் முடியாதுதான், வாக்குவாதம் செய்ய வேண்டாம். போட்டோ எடுக்காதே. இதை இரண்டு தடவை சொல்கிறேன்: போனை வெளியே எடுக்காதே.

இன்னொரு விஷயம், நீ கேட்காவிட்டாலும். பிள்ளைகள் பிறந்ததும் அப்பாக்கள் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை ராணுவப் பதிவில் ஏற்றுகிற உத்தரவு) போட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் ஊரில் பிறந்த குழந்தைக்கு, லீவு முடிந்து வந்து, ஞாபகத்திலிருந்து தேதி சொல்லிப் போட்டவர்கள் நிறைய. அதோடு நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான், அங்கே சர்நேம் கேட்பார்கள், கிளார்க் எதையாவது எழுதிவிடுவார். அப்பா நன்றாக இருக்கும்போதே அந்தப் பேப்பர்களை எடுத்து அம்மாவின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்று கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, ஒரு எழுத்து மாறினாலும் அது ஒத்துக்கொள்ளாது. என் நண்பர் ஒருவர் இறந்தபின் அவர் மனைவி பெயரில் ஒரே ஒரு எழுத்துக்காக எத்தனை மாதம் அலைந்தார்கள் என்பதைக் கூடவே போய்ப் பார்த்தவன் நான்.

த்ரீடன் தம்பி, நீ எழுதியதைப் படித்தேன். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

———

கறுப்புப்பெட்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலூர் அம்மா, நீங்கள் எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுவிட்டு "எங்க பிளாக்குல வந்தது ஜீப்பு" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை, இனிமேல்தான் கேட்க வேண்டும்.

பென்ஷன்தாரர் ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தோம். அப்பாவுக்கு இப்போது 71, முழங்கால் வலி. வழக்கமாக என் தம்பிதான் அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போவான், போன வாரம் நான் கிளம்பினேன். மாமாவுக்கு விஷயம் தெரிந்து "அப்படியே ரெண்டு ரம்" என்று போன். மிலிட்டரி சொந்தக்காரர் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு மாமா உண்டு போல.

கேட்டில் அப்பா வண்டியிலிருந்து இறங்கினார். வீட்டில் சோபாவிலிருந்து எழவே இரண்டு கை வேண்டும் அவருக்கு, அங்கே விறைப்பாக நடந்துபோனார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. காவலில் இருந்தவர் சர்தார்ஜி, அப்பா கையை விடாமல் பிடித்துக்கொண்டு பேசினார். கடைசியில் ஒரு பையனைக் கூட அனுப்பி, பத்து நிமிஷம், போட்டோ கிடையாது என்றார்கள். ஐயா, போனை நான் வண்டியிலேயே வைத்துவிட்டேன்.

எங்கள் பிளாக் இல்லை. அந்த இடத்தில் புதிதாக மாடிக் கட்டடம், பால்கனி வைத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஏ.சி பெட்டி தொங்குகிறது. என் மகள் "இதுவா உன் வீடு? சூப்பரா இருக்கே" என்றாள். நான் எங்கே என்று சொல்வது? தண்ணீர்த் தொட்டியை வைத்து இடம் கண்டுபிடிக்கப் பார்த்தேன், தொட்டியும் மாறியிருந்தது. பள்ளிக்கூட வண்டி நிற்கிற திருப்பத்தில் இருந்த வேப்பமரம் மட்டும் அதே மரம். பருத்திருந்தது. கீழே காவி, மேலே சுண்ணாம்புப் பட்டை, அப்போது போலவே. கேரு-சூனா என்பார்கள் உள்ளே. பெரிய அதிகாரி யாராவது வருகிறார் என்றால் முந்தின நாளே எல்லா மரத்துக்கும் எல்லாக் கல்லுக்கும் அடித்துவிடுவார்கள். யார் வரப்போகிறார்களோ தெரியவில்லை, பெயிண்ட் ஈரம் காயாமல் இருந்தது.

அப்பா மரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழுகிறாரோ என்று பயந்து நான் கிட்டே போனேன்.

"கோடு நேரா இல்ல பாரு, இந்தப் பக்கம் ரெண்டு இஞ்ச் ஏறிப்போச்சு" என்றார். கூட வந்த பையனிடமும் அதை இந்தியில் சொன்னார். அவன் "ஜீ சாப்" என்று அட்டென்ஷனில் நின்றான்.